நீக்கத்துக்கான காரணம்: திருமணம்

நடந்தவை, வரிசையாக:

1. நெதர்லாந்தில் நான் வசிக்கும் ஊரின் நகராட்சி அலுவலகத்தில் என் கல்யாணத்துக்குத் தேதி வாங்கினோம்.
2. எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகவில்லை என்று சொந்த ஊரிலிருந்து சான்று கொண்டுவரச் சொன்னார்கள்.
3. அதை வாங்க இரண்டு வார விடுப்பில் ஊருக்கு வந்தேன்.
4. அரசுப் பதிவின்படி எனக்கு நான்கு வருடத்துக்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டது தெரிந்தது.
5. மாப்பிள்ளையின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை.
6. எங்கள் தெருவில் ஒருவர் அந்தக் கல்யாணத்துக்குச் சாட்சி சொன்னார்.
7. அது எப்படி நடந்தது என்று என் அம்மா அதன் பிறகு சொன்னாள்.

மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. ஒரு படிவத்தில் எந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அது அடம்பிடிக்கும் என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் நகராட்சிக் கவுண்டரில் இருந்த பெண்மணி சான்று கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. "கவலைப்படாதீர்கள், இது சுதந்திரமான நாடு. யாரை வேண்டுமானாலும் நீங்கள் மணக்கலாம். ஒரே ஒரு காகிதம் மட்டும்" என்றார். கோபப்பட்டது, நான் மணக்கப்போகும் மார்ட்டின்தான். என் தோட்டத்து மரத்தை நான் வெட்ட அனுமதி, வீடு மாறினால் ஐந்து நாளுக்குள் தகவல், சைக்கிளைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தினால் தூக்கிக்கொண்டு போவார்கள், இதில் சுதந்திரம் எங்கே இருக்கிறது என்று வீடு வரும்வரை டச்சு மொழியில் புலம்பிக்கொண்டே வந்தான். "எங்கள் ஊரில் இப்படியெல்லாம் இல்லை" என்று நான் பெருமையாகச் சொன்னேன். சொன்னது தப்பு.

எங்கள் ஊரில் இப்படியெல்லாம் இல்லை என்பதற்கு என் அத்தாட்சி, அம்மா அப்பா கல்யாணம். மயிலத்துக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் நடுவில் ஒரு மர நிழலில், விவசாயக் கூலிச் சங்கத்து ஆட்கள் நாலு பேர் முன்னால் மாலை மாற்றிக்கொண்டார்கள். ஐயர் இல்லை, மந்திரம் இல்லை, பதிவு இல்லை. ஆளுக்கு ஒரு சோடா. அம்மாவின் வீட்டார் ஒருவர்கூட வரவில்லை. அப்பாவின் சாதி அவர்களுக்கு ஆகவில்லை. அதனால்தான் அம்மாவுக்கு என் கல்யாணத்தில் ஒரே ஒரு ஆசை: "என் பக்கம் யாரும் நிக்கல. உன் பக்கம் நான் நிக்கணும்."

அம்மாவுக்கு விசா வாங்கியாயிற்று. மூன்று வாரத்துக்கு மட்டும். அந்த மூன்று வாரத்துக்குள் கல்யாணத் தேதி இருந்தது. சான்று தாமதமானால் நகராட்சி தரும் அடுத்த தேதிக்குள் அம்மாவின் விசா முடிந்துவிடும். இரண்டாவது முறை தருவார்கள் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

முதல் நாள், சனிக்கிழமை. சென்னை கிளாம்பாக்கத்தில் விழுப்புரம் பஸ்ஸில் ஏறி, கூட்டேரிப்பட்டு நிற்குமா என்றேன்.

"நிக்காதும்மா. திண்டிவனம் எறங்கிக்கோ" என்றார் நடத்துநர்.

"முன்னாடியெல்லாம் நிறுத்துவாங்களே அண்ணே."

"முன்னாடி கையக் காட்டுனா தண்ணித் தொட்டியாண்ட கூட நிறுத்துவோம். இப்போ வண்டி எங்க நிக்குதுன்னு ஆபீஸ்ல ஒக்காந்து பாத்துக்கினு இருக்காங்க. நீ எறங்கிப் போயிடுவ. மெமோவ யாரு வாங்கறது?"

திண்டிவனத்தில் இறங்கி, வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு டவுன் பஸ் பிடித்தேன். பெண்களுக்கு டிக்கெட் இலவசம். ஆனால் இலவசத்துக்கும் ஒரு டிக்கெட் உண்டு. அதைக் கிழித்துக் கையில் கொடுத்தார்கள். பாதி வழியில் ரேடியேட்டரில் புகை வந்து வண்டி நின்றது. அடுத்த பஸ்ஸில் ஏறி டிக்கெட்டைக் காட்டினேன்.

"அது அந்த வண்டிக்கு. இதுக்கு வேற" என்று அந்த நடத்துநர் இன்னொன்று கிழித்தார்.

என் பக்கத்தில், மடியில் கீரைக் கூடையோடு இருந்த அம்மாள் இரண்டு டிக்கெட்டையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சும்மா போறதுக்கே ரெண்டு சீட்டு. துட்டு குடுத்துப் போனா இன்னா கேப்பானோ, பேஜாரு." பஸ்ஸே சிரித்தது. நடத்துநரும் சிரித்தார். நெதர்லாந்தில் ரயிலில் பயண அட்டையைத் தட்ட மறந்து மாட்டிக்கொண்ட அன்று யாரும் சிரிக்கவில்லை.

வீட்டில் கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு. நான்கு வருடத்தில் இது இரண்டாவது வருகை. எதிர்வீட்டு சரளாக்கா வாசலில் நின்று, "மாப்ள வரலியா இந்த வாட்டியும்?" என்று கேட்டார். வரப்போகிற மாப்பிள்ளையைக் கேட்கிறார் என்று நினைத்து, "அவருக்கு லீவு இல்லக்கா" என்றேன்.

இரண்டாம் நாள் கூட்டேரிப்பட்டில் ரவி அண்ணன் வைத்திருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். சான்றிதழ், பட்டா நகல், தேர்வு முடிவு, எல்லாம் எங்கள் பக்கத்து ஊர்களுக்கு அங்கேதான். திருமணமாகாதவர் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றேன். ரேஷன் கார்டு எண்ணைத் தட்டினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"சிஸ்டர், கார்டுல உங்க பேரு இல்ல."

"தெரியும். வெளிநாட்டுல இருக்கறவ பேருக்கு அரிசி வாங்கக் கூடாதுன்னு அம்மா எடுத்துட்டாங்க."

"அது சரி. ஆனா எடுத்ததுக்குக் காரணம் திருமணம்னு போட்டிருக்குதே."

திரையை என் பக்கம் திருப்பினார். உண்மைதான். நீக்கத்துக்கான காரணம்: திருமணம்.

"யாரு போட்டது?"

"நம்ம கடையிலதான் போட்டிருக்கும். எது ஞாபகம் இருக்குது? பொம்பளப் புள்ள பேரு கார்டவுட்டுப் போச்சுன்னா ஒண்ணு கல்யாணம், இல்லன்னா சாவு. நல்லாயிருக்கற புள்ளைக்குச் சாவுன்னு போட கை வருமா?"

"மற்றவைன்னு ஒண்ணு இருக்குமே?"

"மற்றவைன்னு போட்டா விளக்கம் கேக்கும் சிஸ்டர். விளக்கம் எழுதணும், ஆதாரம் வெக்கணும். பின்னாடி இருபது பேரு, 'ஜல்தி ஜல்தி'ன்னு நிப்பாங்க."

என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. நான் சோதிக்கும் படிவங்களிலும் எல்லோரும் செய்வது இதைத்தான். உண்மைக்கு வேலை அதிகம் என்றால், பட்டியலில் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார்கள்.

விண்ணப்பத்தை அனுப்பினார். விசாரணைக்குக் கிராம நிர்வாக அலுவலர் வருவார். அவர் முதலில் கார்டைத்தான் பார்ப்பார். எதற்கும் நாளைக்கு விழுப்புரம் மனு நாளில் ஒரு மனு கொடுத்துவிடுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டு, கீரை ஆய்வதை நிறுத்தாமல் இருந்தாள். விசா தேதியைப் பற்றிப் பேசினேன். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள், திங்கட்கிழமை, விழுப்புரம். ஆட்சியர் அலுவலக வாசலில் பையைத் திறக்கச் சொன்னார்கள். பெண் காவலர் என் தண்ணீர் பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தார்.

"தண்ணிதாங்க."

"குடிச்சிக் காட்டும்மா."

குடித்துக் காட்டினேன். எரிச்சலாகத்தான் இருந்தது. பின்னால் நின்றவர் மெதுவாக, "மண்ணெண்ண எடுத்தாந்து ஊத்திக்கிறாங்க இல்ல, அதுக்குத்தான்" என்றார். எரிச்சல் போய்விட்டது. ஒரு விதியை வெறுப்பது சுலபம். அது எந்த ஆளால் வந்தது என்று தெரியும்வரைக்கும்.

வரிசை மெதுவாக நகர்ந்தது. எனக்கு முன்னால் மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து வந்த ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் இருக்கும். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"உனக்கு ஆவலன்னு காயிதம் வேணும். எனக்கு ஆச்சுன்னு காயிதம் வேணும். ரெண்டு பேரும் மாத்திக்கலாமா?"

அவருடைய புருஷன் வேறு குப்பத்தில் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துகிறானாம். கைவிடப்பட்டவர் என்று சான்று வாங்கினால்தான் உதவித்தொகை. கைவிடப்பட்டதை நிரூபிக்க முதலில் கல்யாணத்தை நிரூபிக்க வேண்டும்.

"எங்க கோயிலாண்டதான் தாலி கட்டுனான். ஊரே சாப்ட்டுச்சு. அப்போ இந்தப் பதிவு கிதிவுலாம் ஏது? ஊரு சொன்னா போதும். இப்போ அவன் போட்டுல பத்து பேருக்கு வேல குடுக்கறான். அதே ஊரு, 'நாங்க எங்க பாத்தோம்'ங்குது."

நான் என் பெற்றோரின் மர நிழல் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. மதியம் அவர் கொண்டுவந்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் சோறும், நான் வாங்கிய தயிர்ச்சாதமும் ஒரே இலையில் பகிர்ந்துகொண்டோம். காகிதத்தில் இல்லாத கல்யாணம் எல்லாம் சுதந்திரம் என்று இனி என்னால் சுலபமாகச் சொல்ல முடியாது. மறந்ததாகப் பாவனை செய்யத் தெரிந்த ஊருக்கு முன்னால், காகிதம் ஒன்றுதான் அவருக்குத் துணை.

என் மனுவைப் படித்த அலுவலர் நிமிர்ந்து பார்த்தார். "கல்யாணம் ஆகலன்னு மனுவா? ஆச்சுன்னுதானேம்மா வருவாங்க!" வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அனுப்புவதாக முத்திரை குத்திக் கொடுத்தார். திரும்பும்போது பாசஞ்சர் ரயில் முண்டியம்பாக்கத்தில் வெகுநேரம் நின்றது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை; யாரும் கேட்கவும் இல்லை. இறங்கி டீ குடித்தார்கள், மறுபடி ஏறினார்கள். எங்கள் ஆட்களிடம் மிச்சமிருக்கும் பெரிய சுதந்திரம் இதுதான் என்று தோன்றியது: காரணம் கேட்காமல் இருப்பது.

நான்காம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குக் கிராம நிர்வாக அலுவலர் ஸ்கூட்டியில் வந்தார். என் வயதுப் பெண். ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு வேலையை ஆரம்பித்தார். என்னிடம் நாலு கேள்வி. பிறகு அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் கேட்க வேண்டும் என்று எதிர்வீட்டைப் பார்த்தார். சரளாக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு தயாராக நின்றார்.

"இந்தப் பொண்ணத் தெரியுங்களா?"

"சுகன்யாவா? நான் தூக்கி வளத்த புள்ளம்மா அது."

"இவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆவாம?" சரளாக்காவின் குரலில் ஒரு வீராப்பு. "நாலு வருஷம் ஆவுது. மாப்ள பெரிய இஞ்சினியரு. அங்கியே ரிஜிஸ்டர் பண்ணிக்கினாங்க. அவங்கம்மா அஞ்சல தெருவுக்கே லட்டு குடுத்தாளே. நான் ரெண்டு சாப்ட்டேன்."

அலுவலரின் பேனா நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் சரளாக்காவைப் பார்த்தேன். சரளாக்கா, தான் எங்கள் குடும்ப மானத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"கார்டுலயும் திருமணம்னு இருக்குது. தெருவுலயும் ஆச்சுங்கறாங்க. நான் இன்னா எழுதறது, சொல்லுங்க?" என்றார் அலுவலர். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

என் தலையில் தேதிகள் ஓடின. மறுவிசாரணைக்கு ஒரு வாரம். சான்று வெளிநாட்டில் செல்லுபடியாக வேண்டிய முத்திரைகளுக்கு ஒரு வாரம். நகராட்சிக்கு அனுப்ப... கணக்கு உதைத்தது.

அம்மா பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

"அவ மேல தப்பு இல்லம்மா. நான்தான் அப்படிச் சொன்னேன்."

வாசற்படியில் உட்காரவில்லை; நின்றபடியே சொன்னாள். நான்கு வருடத்துக்கு முன் ரவி கடைக்குப் போயிருக்கிறாள். என் பெயரை எடுக்க வேண்டும் என்றிருக்கிறாள். "இன்னா காரணம்?" என்று அவர் கேட்டிருக்கிறார். வெளிநாட்டு வேலை என்று சொன்னால் என்ன வேலை, எந்தக் கம்பெனி, ஆதாரம் எங்கே என்று படிவம் கேட்டிருக்கிறது. அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னால் நின்றதில் எங்கள் தெருக்காரிகள் மூன்று பேர். அதில் ஒருத்தி, "பொண்ணு தனியாவா போயிருக்குது? யாருகூட?" என்று கேட்டிருக்கிறாள்.

"கல்யாணம்னு போடுப்பான்னுட்டேன். வாயில வந்துடுச்சு. போட்டுட்டான், போயிட்டேன். அப்புறம் அவளுங்க தெருவுல கேட்டாளுங்க. காயிதத்துல ஒண்ணு, வாயில ஒண்ணு இருந்தா நல்லாவா இருக்கும்? அதுக்குத்தான் லட்டு."

பிறகு சரளாக்கா பக்கம் திரும்பினாள். அம்மா என்னைப் பெற்ற நாளிலிருந்து அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடந்தவள். கலப்புக் கல்யாணம் என்பதால் ஒவ்வொரு நாளும் அப்படி நடக்க வேண்டியிருந்தது. அவள் குரல் தணிந்து நான் கேட்டதில்லை.

"உன்னாண்ட பொய் சொன்னேன் சரளா. என் பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆவல."

தெருவில் நாலு வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். சரளாக்கா வாயைத் திறந்தபடி இருந்தார். எனக்கு அந்த நிமிடம் கல்யாணத் தேதியெல்லாம் மறந்துபோனது. இனி இந்தத் தெருவில் அம்மா எப்படி இருப்பாள் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

"அப்போ நான் சாப்ட்ட லட்டு?" என்றார் சரளாக்கா.

"லட்டு நெசம்."

"அடிப்பாவி! நாலு வருஷமா மாப்ள எப்படி இருக்காருன்னு கேக்கறேன். நல்லா இருக்காரு, நல்லா இருக்காருன்னு வாய் கூசாம சொல்லிக்கினு இருந்தியே! போன வருஷம் அவருக்கு ஜொரம்னுகூடச் சொன்னடி!"

"ஒரே மாதிரி சொன்னா நம்ப மாட்டன்னுதான்" என்றாள் அம்மா.

முதலில் சிரித்தது கிராம நிர்வாக அலுவலர்தான். அப்புறம் தெரு முழுக்கச் சிரித்தது. சரளாக்கா சிரித்துக்கொண்டே அம்மாவின் தோளில் ஒரு குத்து விட்டார். "அப்போ நெசக் கல்யாணத்துக்குத் தனியா லட்டு குடுக்கணும். போன கணக்குல சேக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

வேலை முடியவில்லை. வாக்குமூலத்தை மாற்றி எழுதி சரளாக்கா கையெழுத்துப் போட வேண்டும். அவர் பயந்தார். "கோர்ட்டுக்குலாம் கூப்புடுவாங்களா?"

"மாட்டாங்கம்மா. நீங்க கண்ணால பாத்தத மட்டும் சொல்லுங்க, போதும்."

"பாத்தது ஒண்ணுமே இல்லியேம்மா."

"அதத்தான் எழுதப் போறேன்" என்றார் அலுவலர். எழுதி, படித்துக் காட்டினார். சரளாக்கா கையெழுத்துப் போட்டார்.

அம்மாவிடம் ஒரு விளக்கக் கடிதம் கேட்டார். நான் எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம், தகவல் கொடுத்தவரே எழுதட்டும் என்றார். அம்மா ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். நோட்டுத் தாளில், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதினாள். இரண்டே வரி. "காரணம் கேட்டார்கள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது." அலுவலர் அதைப் படித்துவிட்டு, மேலே ஒன்றும் எழுதச் சொல்லாமல் கோப்பில் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கட்டட வேலை முடிந்து வந்த அப்பாவிடம், "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னார்: "லட்டு வாங்கியாந்ததே நான்தான்."

இரவு படுத்தபடி இதையெல்லாம் வரிசைப்படுத்தப் பார்த்தேன். ஊரும் கேள்வி கேட்கும், படிவமும் கேள்வி கேட்கும். வித்தியாசம், ஊருக்கு எதையாவது சொல்லிவிட்டுப் பிறகு மாற்றிச் சொல்லலாம். திட்டும், சிரிக்கும், லட்டு கேட்கும், முடிந்துவிடும். படிவத்தில் ஒருமுறை சொன்னதை மாற்ற நான்கு அலுவலகம் ஏற வேண்டும். ஆனால் மாறாத அந்த எழுத்துக்காகத்தான் கடலோரத்துப் பெண் விழுப்புரத்தில் வரிசையில் நின்றார். இரண்டையும் ஒரே பட்டியலில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மார்ட்டினுக்கு ஃபோன் செய்து, உனக்குப் போன வருடம் காய்ச்சல் வந்திருந்ததாம் என்று மட்டும் சொன்னேன்.

ஏழாம் நாள் திண்டிவனம் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து கைபேசிக்குத் தகவல் வந்தது. அம்மாவும் நானும் சேர்ந்தே போனோம். எதிரில் இருந்த கடையில் சான்றை அச்சடித்து வாங்கினோம். தர்பூசணி சாப்பிட்டோம். அம்மா காகிதத்தை வாங்கி, என் பெயரைத் தடவிப் பார்த்தாள். "ஆகலன்னு எழுதுனதப் பாத்து சந்தோஷப்படற அம்மா நானாத்தான் இருப்பேன்" என்றாள்.

இன்றைய நிலை: சான்றில் சென்னையில் போட வேண்டிய இரண்டு முத்திரைகளும் விழுந்துவிட்டன. அதன் நகலை நகராட்சி ஏற்றுக்கொண்டது. அசலைக் கையில் கொண்டுபோகிறேன். கல்யாணத் தேதி மாறவில்லை. ரேஷன் கார்டுத் திருத்தம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. விழுப்புரத்தில் பார்த்தவருக்குச் சான்று கிடைத்ததா என்று தெரியாது. எண் வாங்க மறந்துவிட்டேன். அம்மாவுக்கு ஸ்வெட்டர் வாங்கியாயிற்று. வியாழக்கிழமை இருவரும் விமானம் ஏறுகிறோம்.